அக்கா வீட்டுச் சுவரில் ஒரு ஓட்டை

பழைய நகரத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு நூறு அடிக்கு ஒரு கதை சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் இது எழுதாத சட்டம். நூற்றியோராவது அடியில் அவர்களுக்கு வெயில் உறைக்கும், கால் வலி ஞாபகம் வரும், கைப்பேசியை வெளியே எடுப்பார்கள். கைப்பேசிக்குள் போன கூட்டத்தைத் திரும்ப நம் பக்கம் இழுப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. இருபத்திரண்டு வருடமாக வழிகாட்டியாக இருக்கிறேன். பொய் சொல்லத் தெரியாதவன் இதில் ஒரு கோடைகாலம்கூடத் தாக்குப்பிடித்து நான் பார்த்ததில்லை.

நான் சொல்லப்போகும் ஆளை நாங்கள் 'மைக்' என்று கூப்பிடுவோம். அம்மா வைத்த பெயர் உரிம அட்டையில் மட்டும்தான் இருந்தது. அந்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் குளிக்கவே போவான் என்று அவன் மனைவி கேலி செய்வாள். உடம்பு ஒல்லி, குரல் அப்படி இல்லை. நாற்பது பேர் கூட்டத்தில் கடைசி ஆளுக்கும், நடுவில் இரண்டு ஸ்கூட்டர் ஹாரன் அடித்தாலும், ஒரு வார்த்தை பிசகாமல் கேட்கும். மற்றபடி வேறு எந்த வேலைக்கும் லாயக்கில்லாதவன். ஒரு ஆணி அடிக்கச் சொன்னால் விரலில் அடித்துக்கொள்வான்.

மணிக்கூண்டிலிருந்து கோட்டையின் வடக்கு வாசலுக்குப் போக ஒரு நீளத் தெரு உண்டு. நானூறு அடி. அதில் பார்க்க ஒரு மண்ணும் கிடையாது. சுவர்கள் என்னவோ முந்நூறு வருடத்துச் சுவர்கள்தான். ஆனால் அவற்றின் தலையில் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டிகளும் டிஷ் ஆன்டெனாக்களும் உட்கார்ந்திருக்கும். கீழே கைப்பேசி உறை விற்கும் கடைகள் ஏழு, ஒரு பல் டாக்டர், கண்ணாடிக் கதவு போட்ட உடற்பயிற்சிக்கூடம் ஒன்று. ஆயிரம் மைல் பறந்து வந்தவர்கள் கைப்பேசி உறையைப் பார்க்கவா வந்தார்கள்? நானூறு அடிக்கு நான்கு கதை வேண்டும், எங்களிடம் ஒன்றுகூட இல்லை. அந்தத் தெருவின் நட்டநடுவில் மைக்கின் அக்கா வீடு இருந்தது.

அக்காவுக்கும் அவனுக்கும் பதினோரு வயது வித்தியாசம். அவன் அம்மா வயிற்றில் ஐந்து மாதமாக இருக்கும்போதே அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா துணி ஆலைக்கு வேலைக்குப் போக, அக்காதான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு இவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தாள். பிற்பாடு இவன் வழிகாட்டித் தேர்வுக்குப் படித்தபோது, அடுப்படியில் நின்றபடி ராஜாக்களின் பெயரையும் வருடத்தையும் கேள்வி கேட்டு மனப்பாடம் செய்ய வைத்தவளும் அவள்தான். இன்றைக்குக் கேட்டாலும் எந்த ராஜா எந்த வருடம் செத்தான் என்று என்னைவிடச் சரியாகச் சொல்வாள்.

அவள் புருஷன், எங்களுக்கெல்லாம் அத்தான், அடுப்பு ரிப்பேர் செய்கிறவர். சமையலறையை ஒட்டி ஐந்தடிக்கு ஏழடியில் ஒரு அறை, அதுதான் அவர் பட்டறை. ஈயம் பற்றவைக்கும் புகை வெளியே போக வழியில்லாமல் இருமி இருமி, கடைசியில் ஒருநாள் கடப்பாரையை எடுத்துத் தெருப்பக்கச் சுவரில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு ஓட்டை போட்டார். தேநீர்த் தட்டு அளவு ஓட்டை. அதில் ஒரு தகரக் குழாயைச் செருகினார். கோட்டைக்குள் இருக்கும் வீடுகளில் அனுமதியில்லாமல் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது என்று சட்டம் இருப்பதால், இடிக்கிற சத்தம் வெளியே கேட்காமல் இருக்க அன்றைக்கு முழுவதும் ரேடியோவை அலறவிட்டிருந்தார். எதிர் வீட்டுக்காரர் புகைக்குச் சண்டை பிடித்ததும் குழாயைக் கழற்றிவிட்டார். ஓட்டை அப்படியே இருந்தது.

ஒரு கோடைகாலத்து மத்தியானம் மைக் கூட்டிக்கொண்டு போன கூட்டத்தில் ஒரு வயதான அம்மாள் சரியாக அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டாள். இனி ஒரு அடி நகர மாட்டேன் என்றாள். மீதி முப்பது பேரும் வெயிலில் நின்று முறைத்தார்கள். ஒருவன் கைப்பேசியை எடுத்தே விட்டான். மைக் நிமிர்ந்து பார்த்தான். கண்ணில் பட்டது ஓட்டை.

அப்புறம் அவன் வாயிலிருந்து வந்ததுதான் வரைபடக்காரன் கதை. கோட்டையின் ரகசிய வழிகளை எல்லாம் வரைந்து கொடுத்த ஒருவனை, வெளியே சொல்லிவிடுவானோ என்று பயந்த ராஜா இந்த அறையில் வைத்துக் கதவைச் சுவராகக் கட்டிவிட்டான். பத்தொன்பது வருடம். சோறும் தண்ணீரும் அந்த ஓட்டை வழியாக. ஒருநாள் காலையில் சோறு கொண்டுவந்தவள் பார்க்கிறாள், கை மட்டும் வெளியே நீட்டியபடி இருக்கிறது, தொட்டால் ஜில்லென்று இருக்கிறது. கண், காது, மூக்கு எல்லாம் வைத்துச் சொன்னான். கூட்டம் மூச்சுவிடவில்லை. உள்ளே அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அந்த அம்மாளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சாயங்காலம் தம்பி வந்தபோது, "எரும, என் வீட்டுக்குள்ள பொணத்தக் கொண்டாந்து போட்டுட்டியேடா" என்று முதுகில் ஒன்று வைத்தாளாம். அவனே வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

அடுத்த வாரமே நாங்கள் எல்லாரும் அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டோம். இதில் நான் ஒன்றும் யோக்கியன் இல்லை. வரைபடக்காரன் சுவரில் நகத்தால் நாட்களைக் கீறி வைத்தான் என்பது நான் சேர்த்தது. அந்தக் கீறல்கள், அத்தான் அடுப்புகளைச் சுவரோரம் சாய்த்து வைத்து உண்டான கீறல்கள்.

மூன்று வருடத்தில் கதை எங்கள் கையை விட்டுப் போய்விட்டது. வந்து போனவர்கள் இணையத்தில் நட்சத்திரம் போட்டு எழுதினார்கள். யாரோ ஒரு நிறுவனம் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிற மாதிரி பதினோரு மொழிகளில் பதிவு செய்து விற்றது. காலையிலிருந்தே வாசலில் வரிசை நிற்கும். அத்தான் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருப்பார், ஓட்டை வழியாக ஒரு கை உள்ளே நீளும். வெளியே இன்னொருவன் படம் எடுப்பான். கை போனால் அடுத்த கை. அந்த ஓட்டையின் விளிம்பு தேய்ந்து தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. அத்தான் உள்பக்கம் ஒரு பலகையை வைத்து அடைத்தார். மைக் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான், சீசன் முடியட்டும் என்று. தம்பி கேட்கிறானே என்று அக்கா பலகையை எடுக்க வைத்தாள்.

சீசன் முடிவதற்குள் தொல்பொருள் அலுவலகத்திலிருந்து ஒரு பேராசிரியர் வந்துவிட்டார். விளக்கு, பூதக்கண்ணாடி, அளவு நாடா எல்லாம் கொண்டுவந்தார். விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, நெடுங்காலம் மனிதத் தோல் உரசிய அடையாளம் என்று எழுதிக்கொண்டார். கீறல்களை எண்ணினார். கடப்பாரை பட்ட இடத்தைக் காட்டி, இந்த மாதிரி உளி இப்போது யாரிடமும் இல்லை என்றார். அந்தக் கடப்பாரை அவருக்கு இரண்டடி பின்னால், கதவு மூலையில்தான் சாய்ந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் அத்தான் நின்றார், வாயைத் திறக்கவில்லை. திறந்து என்ன சொல்வார்? பாதுகாக்கப்பட்ட சுவரை இடித்தது நான்தான் என்றா? இரண்டு தெரு தள்ளி ஒருவர் ஜன்னலைப் பெரிதாக்கியதற்கே வீட்டைப் பூட்டி முத்திரை வைத்திருந்தார்கள்.

நோட்டீஸ் வந்தது. வீட்டை நினைவுச் சின்னமாக எடுத்துக்கொள்கிறோம், நகரத்துக்கு வெளியே புதுக் குடியிருப்பில் பன்னிரண்டாவது மாடியில் ஒரு வீடு தருகிறோம், ஆட்சேபம் இருந்தால் இந்தத் தேதியில் நேரில் வரலாம். அத்தான் பிறந்து வளர்ந்த வீடு அது. அவருடைய பட்டறையும் அதுதான், வாடிக்கையும் அந்தத் தெருதான். அலுவலகத்து எழுத்தர் ஒருவர் இரக்கப்பட்டு அக்காவிடம் வழி சொன்னார்: கதையை முதலில் சொன்னவரே வந்து இது நானாகக் கட்டின கதை என்று எழுதிக் கொடுத்துவிட்டால், கதை இல்லாத ஓட்டையை யாரும் சீண்ட மாட்டார்கள், கோப்பை மூடிவிடுவார்கள். அவ்வளவுதான் தேவைப்பட்டது. ஒரே ஒருவன் ஒரே ஒரு உண்மையைச் சொன்னால் போதும்.

ஆனால் பொய்யான வரலாறு சொன்னதாக ஒப்புக்கொள்கிற வழிகாட்டிக்கு உரிமம் ஆயுளுக்கும் ரத்து. இது எழுதியே வைத்த சட்டம். மைக்குக்கு இரண்டு பெண்கள், மூத்தவள் நர்சிங் இரண்டாம் வருடம்.

ஆட்சேபம் கேட்கிற நாளுக்கு முந்தின மத்தியானம் அக்கா, கோட்டை வாசலில் நாங்கள் கூட்டத்துக்காகக் காத்திருக்கும் கொட்டகைக்கு வந்தாள். வியர்த்து வழிந்துகொண்டு வந்தவள் உட்காரக்கூட இல்லை.

"நாளைக்கு உண்மையச் சொல்லிடுடா," என்றாள்.

"சொல்றேன்க்கா."

"உன் வேலை போயிடும்னு எனக்குத் தெரியும். நீ எங்ககூட வந்து இருந்துக்கலாம். அத்தான் தொழில் கத்துக்குடுப்பாரு."

"சொல்றேன்னு சொல்லிட்டேன்லக்கா, நீ போ."

அவள் போனதும் அவன் என் பக்கம் திரும்பினான். கதையைக் கட்டியது நான்தான் என்று நீ சொல்லேன், உனக்குப் பிள்ளை குட்டி இல்லையே என்றான். அவன் கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது. ஆனாலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உன் அக்கா, உன் கதை, என் தலையை எதற்கு உருட்டுகிறாய் என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டேன். நான் சொல்லியிருந்தால் எல்லாம் அன்றோடு முடிந்திருக்கும். எனக்கும் அந்த அட்டையை விட்டால் வேறு போக்கிடம் இல்லை, அதுதான் உண்மை.

மறுநாள் நானும் போனேன். வழிகாட்டிகள் சார்பில் ஒருவர் சாட்சிக்கு இருக்க வேண்டும் என்றார்கள். குளிரூட்டிய அறை, கண்ணாடி மேசை, மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அதிகாரி. கெட்டவள் என்று சொல்ல முடியாது. அக்காவுக்கு நாற்காலி போடச் சொன்னாள், அத்தானுக்கு இருமல் வந்ததும் குளிரைக் குறைக்கச் சொன்னாள். அவளுக்கு வேண்டியது ஒரு பதில் மட்டும்தான். எது வந்தாலும் அப்படியே எழுதிக்கொள்வாள்.

மைக்கை எழுந்து நிற்கச் சொல்லி, இந்தக் கதையை முதலில் யாரிடம் கேட்டீர்கள் என்று விசாரித்தாள்.

நாற்பது பேருக்குக் கேட்கிற அந்தக் குரல் வரவே இல்லை. கழுத்திலிருந்த அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டான். அக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள், பரீட்சைக்கு அவன் வருடங்களை ஒப்பிக்கும்போது அடுத்த வார்த்தைக்குக் காத்திருப்பாளாமே, அந்த மாதிரி.

"எங்க அப்பா சொன்னது, மேடம்," என்றான். "அவருக்கு அவரோட அப்பா சொன்னது."

அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். நான் தரையைப் பார்த்தேன். முகத்தையே பார்க்காத அப்பனைச் சாட்சிக்கு இழுத்து வந்தவனை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். அதிகாரி எழுதி முடித்துவிட்டு அக்கா பக்கம் திரும்பினாள்.

"நீங்க இவரோட அக்காதானேம்மா? அப்பா உங்ககிட்டயும் இந்தக் கதையச் சொல்லியிருக்காரா?"

அக்காவிடம் ஒரு வாக்கியம் இருந்தது. இவன் பிறப்பதற்கு முன்பே எங்கள் அப்பா செத்துப்போனார் என்ற ஒரே வாக்கியம். இறப்புச் சான்றிதழ்கூட வீட்டில் இருந்தது. அதைச் சொன்னால் வீடு தப்பிக்கும். தம்பி பொய்க் கதை சொன்னது மட்டும் இல்லை, விசாரணையில் பொய் சொன்னதும் சேர்ந்துகொள்ளும், உரிமம் போவதோடு நிற்காது. அவள் தம்பியின் கையைப் பார்த்தாள். அது இன்னும் அட்டையை விடவில்லை. நான் அந்த நிமிடம் மனதுக்குள் வேண்டிக்கொண்டது, அவள் உண்மையைச் சொல்லிவிடக் கூடாதே என்றுதான். அவள் சொன்னால் அடுத்து என்னைக் கேட்பார்கள்.

"ஆமாம்மா," என்றாள். "அப்பா சொல்லுவாரு. சின்ன வயசுல நிறைய தடவ கேட்டிருக்கேன்."

மாடிப்படி இறங்கும்போது மைக் அழுதுகொண்டே அவள் பின்னால் ஓடினான். அவள் நின்று திரும்பி, பெண்களை நன்றாகப் படிக்க வை என்று மட்டும் சொன்னாள். அத்தான் அதற்குள் தெருவுக்குப் போய்விட்டார். அன்றோடு அவர் அவளிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார். ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டு மேசையில், பன்னிரண்டாவது மாடியில். அங்கே எல்லாருக்கும் மின்சார அடுப்பு, கெட்டால் கம்பெனி ஆள் வந்து மாற்றிக் கொடுத்துவிடுவான். அத்தான் ஜன்னலோரம் உட்கார்ந்து கீழே கார்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினான்கு மாதம் அப்படியே இருந்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமலே போய்விட்டார். சாவுக்கு நானும் போயிருந்தேன். மைக் லிப்ட் பக்கத்திலேயே நின்றான், உள்ளே வரத் தைரியமில்லை. அக்காதான் ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து அவனுக்குப் போட்டாள்.

வீட்டை நன்றாகத்தான் அலங்கரித்திருக்கிறார்கள். சமையலறை இப்போது நுழைவுச்சீட்டு கொடுக்கும் இடம். பட்டறையில் மஞ்சள் வெளிச்சம். ஓட்டைக்கு உள்பக்கம் கண்ணாடி போட்டு, வெளிப்பக்கம் மாவுக்கல்லில் ஒரு கை செய்து நீட்டி வைத்திருக்கிறார்கள், நரம்புகூடத் தெரியும். பரம்பரையாகக் கதையைக் காப்பாற்றிய குடும்பத்து ஆள் என்று மைக்கையே அந்த வீட்டுக்குத் தலைமை வழிகாட்டியாகப் போட்டார்கள். மாதச் சம்பளம், நீலச் சீருடை. இனி தெருத் தெருவாக அலைய வேண்டாம். எங்களுக்கு வயிறு எரிந்தது, ஒளிப்பானேன். என்ன சொல்ல வேண்டும் என்பதையும், கேள்வி கேட்டால் என்ன பதில் என்பதையும் அலுவலகமே அச்சடித்து அவனுக்கும், கூட்டம் கூட்டிவரும் எங்களுக்கும் கொடுத்துவிட்டது. ஒரு மேற்பார்வையாளர் மூலையில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு வரி மாறினாலும் குறித்துக்கொள்வார்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, புதுக் குடியிருப்பிலிருந்து ஒரு பேருந்து வந்தது. வயதானவர்களை ஒருநாள் வெளியே கூட்டிவந்து ஊர் சுற்றிக் காட்டுகிற ஏற்பாடு. நான் என் கூட்டத்தோடு அவர்களுக்குப் பின்னால் முறைக்குக் காத்திருந்தேன். மூன்றாவது வரிசையில் அக்கா நின்றாள். தோளில் எல்லாரையும் போல வட்டமான பச்சைச் சீட்டு ஒட்டியிருந்தது. சமையலறையாக இருந்த இடத்தைக் கடக்கும்போது பழக்கத்தில் தலையைக் குனிந்தாள். அங்கே தாழ்வாக ஒரு உத்தரம் இருந்தது, இப்போது அதை எடுத்துவிட்டார்கள்.

மைக் அவளைப் பார்த்துவிட்டான். மேற்பார்வையாளர் மூலையில் நின்றிருந்தார். மைக் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான். ராஜா, ரகசிய வழி, பத்தொன்பது வருடம், ஜில்லென்ற கை. ஒரு வார்த்தை பிசகவில்லை. நான் சேர்த்த நகக் கீறலையும் விடவில்லை. கூட்டத்தில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். யாருக்காவது கேள்வி இருக்கிறதா என்று கேட்டான். அதுவும் அச்சடித்ததில் இருக்கிறது.

அக்கா கையைத் தூக்கினாள்.

"இந்த வீட்ல கடைசியா இருந்தாங்களே," என்றாள், "அவங்கல்லாம் இப்ப எங்க இருக்காங்க?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேற்பார்வையாளர் நிமிர்ந்து நின்றார். அந்தக் கேள்விக்கும் பதில் அச்சடித்து வைத்திருக்கிறார்கள், ஏழாவது பக்கத்தில், எனக்கே மனப்பாடம். சொல்லாமல் இருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவரது நோட்டில் ஒரு குறி விழுந்திருக்கும். அவ்வளவுதான்.

"அவங்க சந்தோஷமா மனசார விட்டுக்குடுத்தாங்கம்மா," என்றான் மைக், கடைசி வரிசைக்கும் கேட்கிற அந்தக் குரலில். "இப்ப எல்லா வசதியோடவும் நல்ல வீட்ல, குடும்பமா நல்லா இருக்காங்க."

"அப்படியா," என்றாள் அக்கா. "சரிங்க."

பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தவனை அவள் 'ங்க' போட்டுப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். பக்கத்தில் நின்ற கிழவி அவள் கையைப் பிடித்துக்கொள்ள, இருவரும் மெதுவாக வெளிவாசல் பக்கம் நடந்தார்கள். மேற்பார்வையாளர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் என் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய், அந்த ஓட்டையின் முன்னால் நின்று, கதையை ஆரம்பித்தேன்.